கார்புரேட்டர் வழிகிறது: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த நெடி பழக்கமானது. ஷெட் கதவைத் திறந்ததுமே பெட்ரோல் வாசனை முகத்தில் அறையும். பானெட்டைத் தூக்கினால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரின் மூடி விளிம்பெல்லாம் ஈரம். அதற்குக் கீழே, அந்தக் கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் பள்ளத்தில் சிறு குட்டையாகப் பெட்ரோல் தேங்கியிருக்கும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் முக்கி முனகி ஒருவழியாகப் பிடித்து, கரும்புகையைக் கக்கிவிட்டு, ஐடிலிங்கில் தள்ளாடி நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்து, நனைந்து போயிருக்கும்.

இதற்கு வைத்தியம் சொல்பவர்களுக்குக் குறைவே இல்லை. ஊசியை மட்டும் மாற்று என்பார் ஒருவர். தேயும் பாகங்களெல்லாம் சேர்ந்து வரும் முழு கிட்டையும் போட்டுவிடு என்பார் இன்னொருவர். பிரஷர் ரெகுலேட்டர் வை, புது கார்புரேட்டர் வாங்கு, எதற்கு இந்தத் தலைவலி, இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிடு என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவுமே அடியோடு தவறான யோசனை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காருக்குச் சரியான மருந்துதான். நம் காருக்கு எது என்பதைக் காசு செலவழிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பெரும்பாலான கார்களில் கோளாறு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பாகத்தில்தான் இருக்கிறது. அதற்காகக் காரோடு பிறந்த கார்புரேட்டரைக் கழற்றி எறிவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை.

முதலில் ஒரு வார்த்தை. வழியும் பெட்ரோலோடு இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலுள்ள ஒரு தீப்பொறியைத் தேடிப் போய்விடும். கார்புரேட்டருக்கு நேர் கீழே, சூடான புகை வெளியேறும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கும் இன்ஜின்கள் ஏராளம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது.

ஒரு ஊசியின் மேல் நடக்கும் இழுபறி

கார்புரேட்டருக்குள் பெட்ரோலின் மட்டத்தைக் காப்பது ஓர் எளிய ஏற்பாடு. 1893-இல் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய கார்புரேட்டரிலேயே மிதவை வந்துவிட்டது. இன்றுவரை அந்தத் தத்துவம் மாறவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஃப்ளோட் என்று சொல்கிறோமே, அந்த மிதவை பெட்ரோலின் மேல் மிதக்கிறது. மட்டம் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து, ஒரு கூம்பு முனை ஊசியை அதன் துளைக்குள் தள்ளி அடைக்கிறது. மட்டம் தாழ்ந்தால் ஊசி இறங்கி, பெட்ரோல் உள்ளே வருகிறது. தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்துக் குழாய்க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

ஆக, மூன்று பேர் பங்கெடுக்கும் இழுபறி இது. மேலிருந்து பம்ப் ஊசியைத் திறக்கப் பார்க்கிறது. கீழிருந்து மிதவை அதை மூடப் பார்க்கிறது. நடுவில் ஊசியும் அது உட்காரும் சீட்டும் கசியாமல் பொருந்தியாக வேண்டும். கார்புரேட்டர் வழிந்தால் இந்த மூவரில் ஒருவர் கடமை தவறியிருக்கிறார். பம்ப் அளவுக்கு மீறித் தள்ளுகிறது, அல்லது மிதவைக்கு வலுப் போதவில்லை, அல்லது ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது.

இதில் உள்ள கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். சீட்டின் துளை 2 மில்லிமீட்டர் விட்டம், பம்பின் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) என்று வைத்துக்கொள்வோம். ஊசியின் மேல் விழும் விசை சுமார் ஆறரை கிராம் எடைக்குச் சமம். அழுத்தம் 6 பி.எஸ்.ஐ. ஆனால் அது 13 கிராம். அழுத்தத்தைத் தொடாமல் துளையை மட்டும் 3 மில்லிமீட்டராக்கினால் 15 கிராம் ஆகிவிடுகிறது. மிதவையின் கை நெம்புகோலாகச் செயல்பட்டு அதன் பலத்தைச் சில மடங்கு பெருக்கித் தருகிறது. அப்படிப் பெருக்கியும், இவ்வளவு சின்ன விசைகளுக்கு இடையில்தான் இந்த இயந்திரம் தன் சமநிலையைக் காக்கிறது. மிதவைக்குள் 2 மில்லிலிட்டர் பெட்ரோல் புகுந்தாலே ஒன்றரை கிராம் எடை கூடிவிடும். அது போதும், ஊசி சரியாக மூடாமல் போக.

வழிவது போல் தோன்றுபவை

பாகம் வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். உண்மையிலேயே, மிதவை இருக்கும் பெட்ரோல் கிண்ணமான மிதவைக் கலம்தான் நிரம்பி வழிகிறதா?

நன்றாக ஓட்டி நிறுத்திய பிறகு, சூட்டில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறது, காலையில் குளிர்ந்த இன்ஜின் ஒழுங்காகக் கிளம்புகிறது என்றால் ஊசியைச் சந்தேகிக்காதீர்கள். பெட்ரோலின் இலேசான கூறுகள் 40 டிகிரிக்கு முன்பின்னாகவே கொதிக்கத் தொடங்கிவிடுகின்றன. இன்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, கீழிருந்து ஏறும் சூட்டில் கலத்திலுள்ள பெட்ரோல் கொதித்து, ஜெட் எனப்படும் நுண் துளை வழியாக மேனிஃபோல்டுக்குள் பொங்கும். இதற்கு எத்தனை ஊசி மாற்றினாலும் பயனில்லை. கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடிமனான ஸ்பேசர், எக்சாஸ்ட் பக்கம் ஒரு தகட்டு மறைப்பு, சூடான பாகங்களை ஒட்டிப் போகாத பெட்ரோல் குழாய், இவைதான் மருந்து.

குளிரில் கிளப்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு பாதியில் சிக்கிக்கொண்டாலும் அதே கரும்புகை, அதே நனைந்த பிளக். ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டு, வெயிலில் டேங்கினுள் அழுத்தம் ஏறி, பம்ப் ஓடாதபோதும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வந்தால் குற்றவாளி அங்கேயே இருக்கிறான்.

சில கார்புரேட்டர்களுக்கு அவற்றுக்கே உரிய பிறவிக் குறைகளும் உண்டு. 1965-இல் வந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட்டின் அடிப்பாகத்தில் இருக்கும் அடைப்பான்கள் கசிந்து, ஒரே இரவில் கலத்திலுள்ள பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும். ஹோலி வகையில் இன்ஜின் பின்வெடித்தால் உள்ளேயிருக்கும் பவர் வால்வின் மெல்லிய படலம் கிழிந்து, கலம் வழியாத நிலையிலும் இன்ஜினுக்குள் பெட்ரோல் ஒழுகும். உங்கள் மாடலுக்கு இப்படி ஏதாவது தெரிந்த வியாதி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு மேலே போவது நல்லது.

ஊசியும் சீட்டும் மட்டும்

இப்போது தெரிவுகளுக்கு வருவோம். மிகச் சிறிய வேலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் இங்கேயே நின்றுவிடலாம்.

கலத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் இலேசாகத் தட்டுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். தட்டியதும் வழிவது நின்றால், ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவே தூசி மாட்டியிருந்தது என்று பொருள். அந்தத் தட்டல் நோயைச் சொல்லிவிடும், ஆனால் நோயைத் தீர்த்துவிடாது. தூசி எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. டேங்கின் உட்பக்கத் துரு, பழைய ரப்பர் குழாயின் உள்தோல், ஆண்டுக்கணக்கில் நின்றுபோன பெட்ரோலின் வார்னிஷ் படிவு என்று ஏதோ ஒன்று. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இது கூடிவிட்டது; பழைய ரப்பரையும் கார்க்கையும் அது இளக்குகிறது, டேங்கில் தூங்கிக்கொண்டிருந்த படிவையும் கரைத்துக் கிளப்பிவிடுகிறது. ஃபில்டரும் குழாய்களும் மாற்றாமல் ஊசியை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு மாதத்தில் திரும்பவும் பானெட்டைத் தூக்க வேண்டியிருக்கும்.

தட்டியும் நிற்கவில்லையென்றால் ஊசியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள். கூம்பு முனையைச் சுற்றி மெல்லிய வளையம் போல ஒரு கோடு விழுந்திருக்கும். நகத்தை அதன் குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். ஆயிரக்கணக்கான மைல்கள் சீட்டின் விளிம்பில் அதிர்ந்து அதிர்ந்து வெட்டிய பள்ளம் அது. அப்படி ஒரு கோடு இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். ஊசியையும் சீட்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்று தேய்ந்தால் மற்றதும் தேய்ந்திருக்கும்.

எந்த ஊசி என்பதிலும் ஒரு தெரிவு இருக்கிறது. முழுதும் எஃகாலான ஊசி எந்தப் பெட்ரோலுக்கும் அசையாது, ஆனால் ஒரு மணல் துகள் போதும், கசிந்துவிடும். விட்டான் ரப்பர் முனை கொண்ட ஊசி சிறு தூசியைத் தன் மென்மையில் வாங்கிக்கொண்டு இறுக்கமாக மூடும். அதிர்வையும் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காரில் ரப்பர் முனை சீட்டோடு ஒட்டிக்கொள்வதும், மலிவான போலி ரப்பர் எத்தனாலில் ஊதிப் போவதும் உண்டு. அடிக்கடி ஓடும் காருக்கு விட்டான் முனையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். முன்பு சொன்ன கணக்கை இங்கே மறக்காதீர்கள்: கிட்டில் வரும் சீட்டின் துளை பழையதைவிடப் பெரிதாக இருந்தால், புத்தம் புது ஊசியும் வழியும். பழைய சீட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவை வாங்குங்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருக்கும் 1960களின் காரில் சோலெக்ஸ் கார்புரேட்டர். புது ஊசி, புது சீட், மிதவையும் குறையில்லாதது, இருந்தும் வழிந்தது. இரண்டு வார இறுதிகள் அதனோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, விரலால் மிதவையை ஊசியின் மேல் மெல்ல அழுத்திக்கொண்டு, பெட்ரோல் வரும் குழாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிக் கைப்பம்பால் காற்றை மெதுவாக ஏற்றினேன். சீட்டைச் சுற்றிலும் சோப்பு நீர் தடவியிருந்தேன். குமிழி ஊசி முனையில் வரவில்லை. சீட்டின் திருகு அடியிலிருந்து, வாஷர் உட்காரும் இடத்திலிருந்து வந்தது. அந்த வாஷரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு வெடிப்பு. ஊசி தன் வேலையைச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தது. பெட்ரோல் அதைத் தொடாமலேயே, திருகின் மரை வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அன்று முதல் சீட்டைக் கழற்றினால் வாஷரையும் மாற்றிவிடுகிறேன். சோலெக்ஸ் வகையில் அந்த வாஷரின் தடிமன்தான் பெட்ரோல் மட்டத்தையே நிர்ணயிக்கிறது என்பதால், கிடைத்த வாஷரைப் போடக் கூடாது. பழையதை அளந்து அதே தடிமனைப் போட வேண்டும்.

மிதவை

பித்தளை மிதவையானால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளக் என்று சத்தம் கேட்டால் ஓட்டை. சத்தம் கேட்காவிட்டாலும், வெந்நீருக்குள் அமுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பும்.

ஈயம் வைத்து அடைக்கலாமா, புதிது வாங்கலாமா? புதிது கிடைக்கும் மாடல் என்றால் வாங்கிவிடுவதே மேல். கிடைக்காத அரிய கார்புரேட்டர் என்றால் பற்றவைப்பதைத் தவிர வழியில்லை. அப்போது உள்ளே ஒரு துளி பெட்ரோல்கூட இல்லாதபடி வடித்து, பல நாள் காயவிட்டு, அதன் பிறகே சூடு காட்ட வேண்டும். பெட்ரோல் ஆவி அடைந்த மிதவையைச் சூடாக்குவது வெடியைக் கையில் பிடிப்பதற்குச் சமம். ஈயத்தைக் கடுகளவுக்கு மேல் வைக்காதீர்கள். மிதவையின் எடை கூடினால் ஒரு கோளாறு போய் மறு கோளாறு வந்து சேரும். வேலைக்கு முன்பும் பின்பும் துல்லியமான தராசில் நிறுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

கருப்பு நிற நுரை மிதவைகளின் கதை வேறு. அவற்றில் ஓட்டை விழுவதில்லை. பல ஆண்டுகளில் பெட்ரோலைப் பஞ்சுபோல் உறிஞ்சிக் கனத்துவிடும். வெளிப் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது, பழுது பார்க்கவும் முடியாது. புதிய மிதவையின் எடையோடு ஒப்பிட்டு, கனத்திருந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

மிதவையின் உயரத்தை வைப்பது கைப்பக்குவம் கேட்கும் வேலை. எஸ்.யு. கார்புரேட்டரின் ஹெச்.எஸ். வகையில் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவைக்கும் மூடிக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் கம்பியை நுழைத்துப் பார்ப்பார்கள். ஹோலியில் சில மாடல்களில் கலத்தைத் திறக்காமல், பக்கவாட்டுத் துளையில் பெட்ரோல் தெரியும் மட்டத்தைப் பார்த்தே திருகிவிடலாம். எதுவானாலும் உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவையே நம்புங்கள். மட்டத்தைத் திருத்தும்போது மிதவையை ஊசியின் மேல் அமுக்கி வளைக்காதீர்கள், விட்டான் முனை நசுங்கிவிடும். மிதவையின் கையில் ஊசியைத் தொடும் நாக்கு போன்ற சிறு தகட்டை மட்டும் குறட்டால் பிடித்து வளைக்க வேண்டும். வழிவதை நிறுத்துவதற்காக மட்டத்தைத் தாழ்த்திக்கொண்டே போவது தவறு. கசியும் ஊசி எந்த மட்டத்திலும் கசியும், வேகத்தில் போகும்போது மட்டும் இன்ஜின் பெட்ரோலுக்குத் தவிக்கும்.

ரெகுலேட்டர்

இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பிரஷர் கேஜ் இல்லாமல் ரெகுலேட்டர் வாங்காதீர்கள்.

பம்பிலிருந்து வரும் குழாயில் ஒரு டி-இணைப்பு வைத்துக் கேஜை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். எஸ்.யு., வெபர் போன்ற ஐரோப்பிய கார்புரேட்டர்களுக்கு 3 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் போதும். ஹோலிக்கு 5 முதல் 7 வரை. பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிவிட்டுப் பொருத்தமில்லாத எலெக்ட்ரிக் பம்ப் மாட்டிய கார்களில் 6, 7 என்று கேஜ் காட்டுவது அதிசயமில்லை. 3 பி.எஸ்.ஐ.க்குப் பழகிய ஊசி அதற்கு எப்படி ஈடு கொடுக்கும்? அந்தக் கார்களில் ரெகுலேட்டர் சரியான மருந்து; அதைவிடச் சரியானது, அழுத்தம் குறைந்த பம்பையே மாட்டுவது. நடுவில் இன்னொரு பாகம், இன்னும் இரண்டு குழாய் இணைப்புகள், கசிய இன்னும் இரண்டு இடங்கள் எதற்கு?

கேஜ் சரியான அழுத்தத்தைக் காட்டும்போது ரெகுலேட்டர் வைத்து அதை ஒன்றரைக்கு இறக்கினால் வழிவது நிற்கலாம். நின்றதும் மனதுக்கு நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் தேய்ந்த ஊசி தேய்ந்தபடியே இருக்கிறது. ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கலம் காலியாகி இன்ஜின் இடறும். காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை ஒளித்து வைப்பது போன்றது அது.

முழு கிட், நிபுணர், புதிய கார்புரேட்டர்

ஊசி தேய்ந்திருக்கிறது, கேஸ்கட்டும் காய்ந்து உதிர்கிறது, ஆக்ஸிலரேட்டர் பம்பின் தோலும் விறைத்திருக்கிறது என்றால் முழு கிட் போடுவதே சிக்கனம். எப்படியும் கார்புரேட்டரைக் கழற்றுகிறோம். ஒரு முழு நாளும், சுத்தமான மேஜையும், கழற்றக் கழற்ற எடுத்த புகைப்படங்களும் இருந்தால் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். நுண் துளைகளில் கம்பியை விடாதீர்கள். அழுத்தக் காற்றும் கிளீனரும் போதும். கிட்டில் இரண்டு மூன்று மாடல்களுக்கான கேஸ்கட்டுகள் சேர்ந்தே வரும். மிதவையின் கையை உரசும் தவறான கேஸ்கட் ஒன்றைப் போட்டுவிட்டு, மிதவை சிக்கிக்கொண்டு, முன்பைவிட அதிகமாக வழிகிறதே என்று திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூடியை மாட்டுவதற்கு முன், அதைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து ஆடுகிறதா பாருங்கள். பல கைகள் ஓங்கி முறுக்கிய மூடி வளைந்திருக்கும். நுண்ணிய உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்துத் தேய்த்தால் சமமாகிவிடும்.

கிட் தீர்க்காத ஒன்று உண்டு: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திரும்பும் த்ராட்டில் தண்டின் தேய்மானம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கடகடவென்று ஆடினால், உடலின் துளைகளே நீள்வட்டமாகிவிட்டன. வழிவதற்கு நேரடிக் காரணம் அதுவல்ல; ஆனால் அந்த வழியாகக் காற்று புகுந்து ஐடிலிங்கைக் கெடுக்கும், அதைச் சரிக்கட்ட நாம் பெட்ரோலைக் கூட்டி வைப்போம், பிறகு எது நோய், எது மருந்தின் விளைவு என்றே தெரியாமல் போய்விடும். அந்த நிலையில்தான் நிபுணரிடம் போக வேண்டும். துளையைப் பெரிதாக்கிப் புது புஷ் இறக்கி, புது தண்டு போட்டுத் தருவது லேத் வேலை. வீட்டு மேஜையில் செய்ய முடியாது.

நிபுணரின் கூலியைக் கேட்டதும், அதே பணத்துக்கு அதே உருவில் புதுப் படிவம் கிடைக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். புதுப் படிவத்தில் தண்டு ஆடாது, மூடி வளைந்திருக்காது, வழியவும் வழியாது. அதெல்லாம் உண்மை. ஆனால் உங்கள் கார்புரேட்டரின் ஜெட்டுகள் உங்கள் இன்ஜினின் கொள்ளளவுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் எக்சாஸ்ட்டுக்கும் பொருத்தமாக, உற்பத்தியாளர் சோதித்துச் சோதித்துத் தேர்ந்தவை. பொது வார்ப்பில் வரும் புதியது பல இன்ஜின்களுக்கு நடுத்தரமாக அமைந்தது. சோக் இணைப்பு சற்று இடம் மாறியிருக்கும், த்ராட்டில் கம்பியின் கொக்கி எட்டாது, பாதி வேகத்தில் ஓர் இடறல் வந்து ஆண்டு முழுவதும் ஜெட் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். பழைய உடல் விரிசல் விட்டிருந்தாலோ, வெள்ளைத் துரு அரித்து உள் வழிகள் தின்றுபோயிருந்தாலோ மட்டும் புதியதை நாடுங்கள். அப்போதும் பழைய ஜெட்டுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். புதியதில் பொருந்தினால் அவையே நல்ல தொடக்கம்.

இன்ஜெக்‌ஷன்

கார்புரேட்டர் இடத்திலேயே உட்காரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. குளிரில் ஒரே சுற்றில் கிளம்பும், உயரமான மலையிலும் தானே கலவையைத் திருத்திக்கொள்ளும், மிதவை என்ற ஒன்றே இல்லாததால் இந்தக் கட்டுரையின் பிரச்சினையும் இல்லை. தினமும் நெடுந்தூரம் பழைய காரையே ஓட்டுபவருக்கு இது நியாயமான தெரிவு.

ஆனால் வழியும் ஊசிக்கு மாற்றாக இதைப் பார்க்காதீர்கள். 0.2 பாரில் (சுமார் 3 பி.எஸ்.ஐ.) வேலை செய்த பெட்ரோல் அமைப்பு முழுவதும் இப்போது 3, 4 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். குழாய்கள், இணைப்புகள், பம்ப், ஃபில்டர் எல்லாம் புதிது. டேங்குக்குத் திரும்பும் குழாய் பல அமைப்புகளில் கட்டாயம். எக்சாஸ்ட்டில் ஆக்ஸிஜன் சென்சாருக்குத் துளையிட்டுப் பற்றவைக்க வேண்டும். டைனமோ வைத்த காரானால் ஐடிலிங்கில் மின்சாரமே போதாது. பழைய பிரிட்டிஷ் கார்களில் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் அமைப்பு இருப்பதால், அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். டேங்கின் துரு கார்புரேட்டர் ஊசியில் சிக்கினால் பெட்ரோல் வழியும். இன்ஜெக்டரில் சிக்கினால் கார் நடுவழியில் நிற்கும். டேங்கைச் சுத்தம் செய்யச் சோம்பி இன்ஜெக்‌ஷனுக்குப் போனால் அந்த வேலை அங்கேயும் நமக்காகக் காத்திருக்கும்.

என்னிடம் கேட்டால்

முதல் நாள் கேஜ் மாட்டி அழுத்தத்தைப் பார்ப்பேன். அது சரியாக இருந்தால் மூடியைக் கழற்றி, ஊசியின் கோட்டையும் மிதவையின் சத்தத்தையும் வாஷரையும் பார்ப்பேன். ஊசி, சீட், வாஷர் மூன்றையும் சேர்த்து மாற்றி, ஃபில்டரையும் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகையில் புதிதாகப் போடுவேன். த்ராட்டில் தண்டு ஆடினால் அப்போதே நிபுணரிடம் அனுப்புவேன், கிட்டில் காசைக் கரைக்க மாட்டேன். புதிய கார்புரேட்டரும் இன்ஜெக்‌ஷனும் இந்தப் படிகளையெல்லாம் கடந்த பிறகே என் யோசனைக்கு வரும்.

வேலை முடிந்ததும் உடனே ஓட்டிப் பார்க்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் இன்ஜினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் சில நிமிடங்கள் ஓடவிட்டு, கார்புரேட்டரைச் சுற்றி வெள்ளைத்தாளை வைத்துப் பாருங்கள். மெக்கானிக்கல் பம்ப் என்றால் இன்ஜினை ஐடிலிங்கில் ஓட்டி, டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். ஐடிலிங்கில் மெயின் ஜெட்டின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழக் கூடாது.

இன்னும் ஒன்று பாக்கி. எண்ணெய்க் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோங்கள். வழிந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு அடியில் இறங்கியிருந்தால், மட்டம் உயர்ந்தும் எண்ணெய் நீர்த்தும் பெட்ரோல் வாசத்தோடும் இருக்கும். அந்த எண்ணெயோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பேரிங்குகளுக்கு அதில் பாதுகாப்பே இல்லை. அதை முழுதும் வடித்து, எண்ணெய் ஃபில்டரையும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றிய பிறகே காரை வெளியே எடுங்கள்.